மூன்றுதரம் சொன்ன கேதீஸ்வரன்

சுன்னாகம் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் தோட்டக்காரர்கள் சாக்கை இறக்கி வைத்ததும் விலையைக் கேட்பதில்லை. "இண்டைக்கு ஆர் கூறுறது?" என்றுதான் கேட்பார்கள். கேதீஸ்வரன் என்று பதில் வந்தால் அப்படியே தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவார்கள். சாக்குக்குப் பக்கத்தில் நின்று காவல் காக்கத் தேவையில்லை. கடை வாங்கிலில் அமர்ந்து தேத்தண்ணியை உறிஞ்சும்போதே தங்கள் கத்தரிக்காய் எந்த விலைக்கு ஏறி எங்கே நிற்கிறது என்பது காதில் விழும்.

கமலாவதியின் கொமிசன் கடையில் ஏலம் கூறுவது கேதீஸ்வரனின் தொழில். விடியற்காலையில் உடுவிலில் இருந்து சைக்கிளில் வருவார். கவிழ்த்து வைத்த ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நிற்பார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு சந்தை அவருடையது. வாங்க வந்த வியாபாரிகள் விலையைக் கூட்டாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால் விடமாட்டார். "இந்தக் கத்தரிக்காயைப் பாருங்கோ, கலியாணப் பொம்பிளை மாதிரி மினுங்குது. நீங்கள் கேக்கிற விலையைக் கேட்டு அதுக்கு அழுகை வருது" என்பார். சிரித்துக்கொண்டே யாராவது பத்து ரூபாய் கூட்டுவார்கள். கடைசியில் "ஒருதரம்… இரண்டுதரம்…" என்று இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, "மூன்றுதரம்!" என்று அவர் முடிக்கிற முடிப்பில் கூரைத் தகரத்தில் இருக்கும் காகங்கள் எழும்பிப் பறக்கும்.

அந்தக் குரலைத்தான் சத்திரசிகிச்சையில் எடுத்துவிட்டார்கள்.

இளவயதில் இருந்தே அவருக்குச் சுருட்டுப் பழக்கம். தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கட்டியை மட்டும் எடுக்க முடியாது, குரல்வளையையும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். உயிர் தப்பியது. கழுத்தில் மூச்சு விடுவதற்கு ஒரு துவாரமும் அதை மூடிய மெல்லிய துணியும் மிஞ்சின. சொல்லவேண்டியதைப் போனில் எழுதிக் காட்டினார். சோற்றுக்கு உப்புக் காணாது என்று சொல்வதற்கும் எழுதவேண்டியிருந்தது. மனைவி பூரணம் வாசித்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

உடம்பு தேறியதும் சந்தைக்குப் போனார். கமலாவதி அவரைத் தராசடியில் இருக்கவிட்டார். பெட்டியின் மேல் அவருக்குப் பதிலாகக் கடையில் வேலைசெய்யும் கஜானன் ஏறி நின்றான். நல்ல பொடியன்தான். ஆனால் அவனுடைய குரல் நாலு கடை தாண்டாது. தோட்டக்காரர்கள் தேத்தண்ணி குடிக்கப் போகாமல் சாக்கடியிலேயே நின்றார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கேதீஸ்வரனின் கை தராசுப் படியை இறுக்கிப் பிடிக்கும்.

ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி ஞானாம்பிகை இதைக் கேள்விப்பட்டு, கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டாள். உள்ளே விலை உயர்ந்த ஒரு டப், புத்தகமளவு தொடுதிரைக் கணினி. கண்ணாடி அப்படி ஒரு கண்ணாடி. விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். எழுதுவதை வாசித்துச் சொல்லும் செயலி ஒன்றையும் காசு கட்டி அதில் போட்டிருந்தாள். வீடியோ அழைப்பில் அவள் முகம் பூரித்துப்போய் இருந்தது.

"அண்ணை, இனி நீங்கள் கதைக்கலாம். இஞ்சை ஆஸ்பத்திரியளிலை எல்லாம் உதுதான் பாவிக்கினம்."

அடுத்த நாளே கேதீஸ்வரன் டப்பையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் கொண்டு பெட்டியில் ஏறினார். எழுதி வைத்திருந்ததைத் தட்டினார்.

"மதிப்பிற்குரிய வியாபாரிகளே, வணக்கம். இந்தக் கத்தரிக்காயின் ஆரம்ப விலை கிலோவுக்கு நூறு ரூபாய்."

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரைப் போல மிகவும் மரியாதையான ஓர் ஆண் குரல். சந்தை சிரிப்பில் வெடித்தது.

"என்னடாப்பா, தலைப்புச் செய்தியோ?"

"கேதீஸ் அண்ணை, உது காலநிலையும் சொல்லுமோ?"

முன்வரிசையில் நின்ற கனகலிங்கம், அந்தச் சந்தையிலேயே பெரிய கொள்வனவுக்காரர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மழை வருமெண்டால் சொல்லச் சொல்லு கேதீஸ், நான் கத்தரிக்காய் எடுக்கேல்லை!"

சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். வேகத்தைத்தான் தாங்க முடியவில்லை. அவர் ஒரு விலையை எழுதி முடிக்கும்போது வியாபாரிகள் இரண்டு விலை தாண்டிப் போயிருந்தார்கள். நடுவில் திரையே மாறி, கணக்கை உறுதிசெய்யும்படி ஆங்கிலத்தில் கேட்டது. உறுதிசெய்யும் இலக்கம் தங்கச்சியின் போனுக்குப் போயிருந்தது. அவளோ அந்த நேரம் வேலை முடிந்து ரொறன்ரோவில் நிலத்துக்குக் கீழே ஓடும் ரெயினில், சிக்னல் இல்லாத இடத்தில் நின்றாள்.

"அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று கஜானன் மெதுவாகச் சொன்னான். அவன் அன்பாகச் சொன்னதுதான் கூட நொந்தது.

ஏலம் முடிந்ததும் கமலாவதி வந்தார். சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாதவர் அவர். "அண்ணை, கெதியிலை வெங்காயம் இறங்கத் துவங்கப்போகுது. அப்ப எனக்கு ஏலம் தண்ணி மாதிரி ஓடவேணும். வெங்காயத்தின்ரை முதல் நாள் வரைக்கும் உங்களுக்குப் பெட்டி கிடக்கு. அண்டைக்கு ஏலாட்டில் அது கஜானனுக்குத்தான். உங்கடை சம்பளத்திலை நான் கை வைக்கமாட்டன்."

சம்பளம் யாருக்கு வேண்டும்? கேதீஸ்வரனுக்கு அந்தப் பெட்டி வேண்டும்.

மறுநாள் யாழ்ப்பாண நகரத்தில் போன் திருத்தும் சுஹைரின் கடைக்குப் போனார். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் குடும்பங்களை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றியபோது சுஹைரின் குடும்பமும் போனது. புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் கட்டி, திரும்பி வந்து வாப்பாவின் பழைய இடத்திலேயே கடை போட்டிருந்தார்.

கேதீஸ்வரன் டப்பை மேசையில் வைத்து, போனில் எழுதிக் காட்டினார்: "இதின்ரை பூட்டை உடைக்கலாமோ?"

சுஹைர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடைக்கேலாது. உடைக்கவும் கூடாது. கள்ளன் எடுத்தாலும் பிரியோசனப்படாத மாதிரிப் போட்ட பூட்டு. நல்ல பூட்டுத்தான் மச்சான். ஆனா திறப்பு உன்ரை கையிலை இல்லை, கனடாவிலை கிடக்கு. வேறை அப் போடுறதெண்டாலும் அவ ஓம் எண்டு சொல்லவேணும். இந்த அப்பிலை குரலை மாத்தலாமோ எண்டு பாத்தன், அதுவும் ஏலாது. அவங்கள் தந்த குரல்தான் குரல்."

"நல்ல சாமான் எல்லோ?" என்று எழுதினார் கேதீஸ்வரன். அவருக்குத் தங்கச்சியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"ஆர் இல்லையெண்டது? விழுத்தினாலும் உடையாது, இறுகி நிக்காது, வைரஸ் வராது. ஒருத்தன் கட்டி, கூட்டித் துடைச்சு, வெள்ளை அடிச்சுத் தந்த வீடு. ஆனா வாடகை வீடு. புத்தளத்திலை நாங்கள் அப்பிடி ஒரு வீட்டிலைதான் இருந்தனாங்கள். வீட்டுக்காரர் தங்கமான மனிசன். எண்டாலும் வாப்பான்ரை படத்தைக் கொழுவ ஒரு ஆணி அடிக்கிறதெண்டால் அவரிட்டைக் கேக்கவேணும். நாங்கள் கேக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. படம் பெட்டிக்கையே கிடந்துது."

சுஹைரின் தலைக்கு மேலே சுவரில் அந்தப் படம் இப்போது தொங்கிக்கொண்டிருந்தது. கேதீஸ்வரன் அதைப் பார்த்தார்.

சுஹைர் உள்ளே போய்க் கறுப்பு நிறத்தில் ஒரு டப்பை எடுத்து வந்தார். பிளாஸ்ரிக் முதுகு. திரை கொஞ்சம் மங்கல். "இது உன்ரை சொந்த வீடுவளவு. எங்கை வேணுமெண்டாலும் ஆணி அடி. இதிலை போடுறதுக்கு ஒரு இலவச அப் இருக்கு. கதைக்க ஏலாத பிள்ளையளுக்காக ஆரோ எழுதி, ஆர் வேணுமெண்டாலும் உள்ளுக்கை கைவைக்கலாம் எண்டு திறந்து விட்டிருக்கினம். பட்டன் நீ செய், படம் நீ போடு, சத்தமும் நீ போடு. இன்ரநெற் தேவையில்லை, எழுதத் தேவையில்லை. தட்டினால் உடனை கேக்கும். ஆனா ஒண்டு, கூரை ஒழுகினால் நீதான் ஏறவேணும். பிழைச்சுப்போச்சு எண்டு ஆரிட்டையும் போய்க் கத்தேலாது."

கேதீஸ்வரன் பெரிய எழுத்தில் எழுதினார்: "என்ரை குரலைப் போடலாமோ?"

"உன்ரை குரல் இருந்தால் போடலாம். எங்கை கிடக்கு உன்ரை குரல்?"

அந்தக் கேள்வியோடுதான் கேதீஸ்வரன் அந்தக் கறுப்பு டப்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். சுன்னாகத்தில் இறங்கும்போது, இளநீர்க் கடைக்கு முன்னால் வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது. அவர்களுடைய மகள் போனை உயர்த்திப் பிடித்துச் சந்தையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கேதீஸ்வரன் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரன் கோன் அடித்துத் திட்டினான். அவருக்குக் கேட்கவில்லை.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் இப்படித்தானே வருகிறார்கள்! ஏலத்தைப் படம் எடுக்காமல் யார் திரும்பிப் போனார்கள்? "அங்கிள், இன்னொருக்கா சொல்லுங்கோ" என்று எத்தனை பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்!

வீட்டு முற்றத்தில் மாமர நிழலில் கதிரையைப் போட்டுக்கொண்டு யூடியூப்பில் சுன்னாகம் சந்தை என்று தேடினார். மூன்றாவது வீடியோவில் மரப்பெட்டியின் மேல் அவர் நின்றார்.

"நூற்றி இருபது! ஆர் அங்காலை? நூற்றி முப்பது! வாயைத் திறவுங்கோவன், காசா கேக்கிறன்? ஓம், காசுதான் கேக்கிறன்!"

குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பூரணம் துருவின கையோடு ஓடி வந்தார். வாசற்படியில் நின்று கணவனின் வாயைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. சத்தம் டப்பில் இருந்து வந்தது.

"இஞ்சேருங்கோ," என்றார் பூரணம். "அதை இன்னொருக்காப் போடுங்கோ."

அன்று பின்னேரம் அவர்கள் வீட்டில் சம்பல் அரைபடவில்லை.

அதற்குப் பிறகு கேதீஸ்வரன் தன் குரலை அறுவடை செய்யத் தொடங்கினார். வீடியோவில் இருந்து சத்தத்தை மட்டும் பிரித்து, வேண்டிய சொல்லை வெட்டி எடுப்பது எப்படி என்று சுஹைர் ஒருமுறை சொல்லிக்கொடுத்திருந்தார். சந்தை முடிந்து வந்ததும் மாமரத்தடிதான். ஒரு விலைக்குப் பின்னால் காகம் கத்தியது. இன்னொன்றில் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் இரைந்தது. நல்ல சுத்தமான ஒரு "இருநூறு" கிடைத்த நேரம் பார்த்து யாரோ தும்மியிருந்தார்கள். பிழையாக வெட்டி, அழித்து, திரும்ப வெட்டினார். ஒருநாள் டப்பே இறுகிப்போய் நின்றது. கூரையில் ஏறவேண்டியவர் தான்தான் என்பது ஞாபகம் வந்தது. நிற்பாட்டித் திரும்பவும் போட்டார், வேலை செய்தது.

கிடைக்காத விலைகளுக்காகப் பூரணம் உறவினர்களின் வட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "இவர் ஏலம் கூறின வீடியோ ஆரிட்டையும் இருந்தால் அனுப்புங்கோ, புது டப்பிலை போடுறதுக்கு." பாரிசில் இருந்தும் லண்டனில் இருந்தும் சுவிசில் இருந்தும் கேதீஸ்வரனின் குரல் துண்டு துண்டாக வந்து இறங்கியது.

ஞானாம்பிகையும் அந்தக் குழுவில் இருந்தாள். உடனே அழைத்துவிட்டாள். பூரணம் அவள் அனுப்பிய டப்பிலேயே அழைப்பை எடுத்தார்.

"புது டப்போ? அப்ப நான் அனுப்பினது என்ன பழசோ? அண்ணி, நான் கேட்டு விசாரிச்சு, இருக்கிறதுக்கை நல்லதாப் பாத்து வாங்கினனான். நீங்கள் எங்கையோ ஒரு மலிவுச் சாமானை…"

கேதீஸ்வரன் கையை ஆட்டினார். எழுதிக் காட்டினால் அவள் வாசிக்கப்போவதில்லை. கறுப்பு டப்பை மடியில் வைத்து, முதல்நாள் வெட்டிய ஒரு துண்டைத் தட்டினார்.

"ஞானம்! உந்த வெயிலுக்கை நிக்காதை! உள்ளுக்கை வா!"

அவள் போனமுறை ஊருக்கு வந்தபோது அவளே சந்தையில் எடுத்து, அப்போதே அனுப்பியிருந்த வீடியோ அது. பெட்டியின் மேலிருந்து அண்ணன் அவளை அதட்டிய சத்தம்.

திரையில் ஞானாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொருக்காப் பேசுங்கோ அண்ணை" என்றாள்.

அவர் இன்னொருமுறை பேசினார்.

"உது நான் அனுப்பினதிலை வராதோ?"

"வராது ஞானம்," என்றார் பூரணம். "அது தன்ரை குரலிலைதான் கதைக்கும். இது இவரின்ரை குரலிலை கதைக்குது."

"அப்ப என்ரை டப் அலுமாரிக்கையோ போகப்போகுது?"

"ஏன் போகுது? உம்மடை முகம் இவ்வளவு வடிவா வேறை எதிலை தெரியும்?"

ஞானாம்பிகை அழுகைக்குள் சிரித்தாள். "வெங்காயம் இறங்கிற அண்டைக்கு என்னையும் கொண்டுபோங்கோ. நான் பாக்கவேணும்."

வெங்காயம் இறங்கிய முதல் நாள் சந்தை நிரம்பி வழிந்தது. பட்டா என்னும் சின்ன லொறிகளும் லான்ட்மாஸ்ரர்களும் தெருவரை நின்றன. சிவந்த வெங்காயச் சாக்குகள் கமலாவதியின் கடை முன்னால் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. கேதீஸ்வரன் வந்து பெட்டியை ஒரு கையால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். கழுத்தில் கறுப்பு டப் ஒரு பட்டியில் தொங்கியது. ஸ்பீக்கரைக் கஜானன் உயரத்தில் கட்டிவிட்டான். கொஞ்சத் தூரத்தில் பூரணம் தங்கச்சியின் டப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செய்தி துவங்கப்போகுது, எல்லாரும் இருங்கோ!" என்று ஒருவன் கத்தினான்.

கேதீஸ்வரன் அவனைப் பார்த்துக்கொண்டே முதல் பொத்தானைத் தட்டினார்.

"வாயைத் திறவுங்கோவன், காசா கேக்கிறன்? ஓம், காசுதான் கேக்கிறன்!"

கூரைத் தகரத்தில் இருந்த காகங்கள் எழும்பின.

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தார். கனகலிங்கம் இரண்டடி முன்னால் வந்து கேதீஸ்வரனின் கழுத்தையும் டப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட கோதாரி," என்றார் அவர் மெதுவாக. "உவன்ரை குரலெல்லோ."

அதற்குப் பிறகு ஏலம் பிடித்துக்கொண்டது. யாரோ விலை கேட்டார்கள். விரல் விழுந்த இடத்தில் விலை ஒலித்தது. எழுத்து இல்லை, காத்திருப்பு இல்லை. வல்வெட்டித்துறையில் இருந்து வந்த ஒரு புது வியாபாரி கூட்டினார், இன்னொருவர் அதற்கு மேலே போனார். வல்வெட்டித்துறைக்காரர் விடவில்லை. மற்றவர் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கினார்.

"ஒருதரம்… இரண்டுதரம்…"

கேதீஸ்வரன் வழக்கம்போல நிறுத்தினார். விரலைத் தூக்கி, அடித்தார்.

"மூன்றுதரம்! கனகலிங்கம் அண்ணைக்கு! தூக்கு, தூக்கு!"

வல்வெட்டித்துறைக்காரர் திகைத்தார். கனகலிங்கம் அதைவிடத் திகைத்தார். "ஐயோ, நான் வாயே திறக்கேல்லை!"

சந்தை குலுங்கியது. பழைய வீடியோக்களில் நல்ல சரக்கையெல்லாம் கனகலிங்கம்தான் எடுத்திருந்தார். இரைச்சல் இல்லாமல் அகப்பட்ட ஒரே ஒரு "மூன்றுதர"த்தில் அவருடைய பெயரும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வெட்டியபோது கேதீஸ்வரன் அந்த வாலை விட்டுவிட்டார். மாமரத்தடியில் பலமுறை கேட்டும் அது பிழையாகப் படவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் அந்தப் பெயர் வருவது அவருக்கு அவ்வளவு பழக்கம்.

"இண்டைக்கு முழுக்க எல்லாம் எனக்குத்தானோ கேதீஸ்?" என்று கனகலிங்கம் கத்தினார். "என்ரை வீட்டை வித்துத்தான் காசு தரவேணும்!"

கமலாவதி கடை வாசலுக்கு வந்துவிட்டார். கஜானன் பெட்டியைப் பார்த்தான். பூரணத்தின் கையில் இருந்த டப்புக்குள் ஞானாம்பிகை நகத்தைக் கடித்தாள்.

கேதீஸ்வரன் இறங்கவில்லை. ஒரு விரலை உயர்த்தி, பொறுங்கோ என்று காட்டினார். பெட்டியில் நின்றபடியே பொத்தானை அழுத்திப் பிடித்தார். அது திறந்தது. வாலைப் பிடித்து வெட்டினார். வெட்டிய வாலை எறியாமல் பக்கத்தில் வேறொரு பொத்தானாக வைத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எந்த இலக்கமும் எந்த நாட்டுக்கும் போகவில்லை. ஒருவன் வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம்தான்.

வல்வெட்டித்துறைக்காரரை நேராகப் பார்த்துத் தட்டினார்.

"மூன்றுதரம்!"

வெறும் சொல் மட்டும். இழுப்பு, நிறுத்தம், முடிப்பு எல்லாம் பழையபடி. கையை நீட்டிச் சாக்கு அவருக்கென்று காட்டினார். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். அடுத்த சாக்கு, அதற்கடுத்தது என்று வெங்காயம் கடை வாசலால் ஓடத் தொடங்கியது. நடுவில் ஒருதடவை கனகலிங்கம் தாடையைச் சொறிந்துகொண்டு விலையைக் கூட்டாமல் நின்றார். கேதீஸ்வரன் அந்தப் புதுப் பொத்தானைத் தட்டினார்.

"கனகலிங்கம் அண்ணைக்கு! தூக்கு, தூக்கு!"

"சரியடா, சரியடா, கூட்டுறன்!" என்று கனகலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தச் சாக்கு உண்மையாகவே அவருக்குத்தான் போனது.

கமலாவதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கஜானன், நீ தராசடிக்கு வா. அங்கை ஆள் காணாது" என்றார்.

"அப்பாடா," என்றான் கஜானன். "என்ரை தொண்டையும் அறுந்துபோச்சு அக்கா."

டப்புக்குள் இருந்து ஞானாம்பிகை ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். சந்தை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பூரணம் அதைத் திருப்பி அவளுடைய முகத்தை அண்ணன் பக்கம் காட்டினார். கேதீஸ்வரன் ஏலத்தை நிறுத்தாமலே அந்த முகத்தைப் பார்த்து ஒரு பொத்தானைத் தட்டினார். சந்தை முழுக்கக் கேட்டது.

"ஞானம்! உந்த வெயிலுக்கை நிக்காதை!"

ரொறன்ரோவில் அப்போது இருட்டிவிட்டிருந்தது. அவள் ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

பிந்தி வந்த தோட்டக்காரர் ஒருவர் புன்னாலைக்கட்டுவனில் இருந்து கொண்டுவந்த வெங்காயத்தைத் தெருவில் இறக்கிக்கொண்டிருந்தார். சாக்கை அணைத்து நிறுத்திவிட்டு, "இண்டைக்கு ஆர்…" என்று கேட்க வாயெடுத்தார். கூரைக்கு மேலால் வந்த குரல் காதில் விழுந்தது. கேள்வியை முடிக்காமல் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனார்.